வாசகர் கேள்வி – பதில்: குன்றிமணிக்கும் குறைவான மருந்து

கேள்வி: பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் தாத்தா வைத்திருந்த .32 ஐவர் ஜான்சன் ரிவால்வரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் மடங்கித் திறக்கும் வகை. கூடவே தோட்டா நிரப்பும் கருவிகள், ஒரு டப்பா காலிப் பித்தளைக் கூடுகள், லேபிள் கிழிந்த பாட்டிலில் பாதிக்கு வெடிமருந்து. கடைகளில் இந்தத் தோட்டா லேசில் கிடைப்பதில்லை, அதனால் நானே நிரப்பலாம் என்றிருக்கிறேன். எந்த மருந்து வாங்குவது? கொஞ்சமாகப் போட்டால் எந்த மருந்தும் ஓடும் என்கிறார் கிளப் நண்பர். சரியா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: முதலில் அந்த பாட்டிலை ஒதுக்கி வையுங்கள். அதை எந்தக் கூட்டிலும் போடாதீர்கள். மருந்தை நிறத்தையோ வடிவத்தையோ பார்த்து இன்னதென்று சொல்ல யாராலும் முடியாது. சாம்பல் நிறத் தகடு என்றால் ஒரே மாதிரி இருக்கும் பத்து மருந்துகள் உண்டு, அவற்றில் ஒன்று வேகமாக எரியும், இன்னொன்று அதில் பாதி வேகத்தில் எரியும். மூடியைத் திறந்ததும் காரமான அமில வாடை வந்தாலோ, உள்ளே துரு நிறத்தில் தூள் படிந்திருந்தாலோ, அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் வைக்க வேண்டாம், உள்ளூர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள்.

அடுத்தது துப்பாக்கி. எந்த மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதற்கான பதில் மருந்துக் கடையில் இல்லை, உங்கள் கையில் இருக்கும் இரும்பு எந்த வருஷத்தில் செய்தது என்பதில் இருக்கிறது. இந்த ரிவால்வர் கேட்கும் .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தோட்டா 1878ல் வந்தது. அப்போது, இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து என்ற ஒன்றே கிடையாது. பிரான்ஸில் பால் வியேல் அதைச் செய்து காட்டியது 1884ல்தான். ஆக இந்தத் தோட்டா பிறந்ததே கரிமருந்துக்காக. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அதே பழைய மருந்து. கூடு நிறையக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்தி உட்கார வைப்பார்கள். பிறகு புகையில்லா மருந்து வந்ததும் அதே தோட்டாவை அதே பெயரில் புது மருந்தோடு விற்க ஆரம்பித்தார்கள். தோட்டாவின் பெயர் மாறவில்லை என்பதால், 1895ல் செய்த ரிவால்வரிலும் 1925ல் செய்த ரிவால்வரிலும் அது ஒரே மாதிரி போய் உட்காரும். ஆனால் இரண்டும் ஒரே அழுத்தத்தைத் தாங்காது.

ஐவர் ஜான்சன் மாசசூசெட்ஸில் இருந்த கம்பெனி. மலிவாக, ஏராளமாகச் செய்தார்கள். 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டவன் கையில் இருந்ததும் நாலரை டாலருக்கு வாங்கிய .32 ஐவர் ஜான்சன்தான். புகையில்லா மருந்தின் கூடுதல் அழுத்தத்தைக் கணக்கில் வைத்து அவர்கள் வடிவமைப்பை மாற்றியது 1909ல். கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, பிடியின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே சுத்தியலை இயக்கும் மெயின் ஸ்பிரிங் வளைந்த தட்டைப் பட்டையாக இருந்தால் கரிமருந்துக் காலத்தது. சுருள் ஸ்பிரிங் என்றால் 1909க்குப் பிந்தையது. பலகையில் இருக்கும் கம்பெனி முத்திரையான ஆந்தைப் படத்தை மட்டும் நம்பாதீர்கள், நூறு வருஷத்தில் பலகைகள் எத்தனையோ தடவை மாறியிருக்கும்.

தட்டை ஸ்பிரிங் என்றால், கரிமருந்து, அல்லது சுடாமல் அலமாரியில் வைப்பது. மூன்றாவது வழி இல்லை. கரிமருந்தில் 3எஃப் என்ற நயமான ரகத்தை, குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். சுட்ட அன்றைக்கே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டாலும் துருப்பிடிக்கும். அதற்கு முன்னால் மடிப்பு ஆடாமல் பூட்டுகிறதா, சிலிண்டர் ஒவ்வொரு துளைக்கும் குழலுக்கு நேராக நிற்கிறதா என்று துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் காட்டுங்கள்.

சுருள் ஸ்பிரிங்காக இருந்து கன்ஸ்மித்தும் சரி என்று சொல்லிவிட்டால் புகையில்லா மருந்துக்கு வரலாம். இங்கே வேகமாக எரியும் மருந்துதான் வேண்டும். காரணம் சொல்கிறேன். மருந்து தன் மேற்பரப்பில்தான் எரியும், அதுவும் சுற்றி அழுத்தம் கூடக் கூட வேகமாக எரியும். ரைஃபிளில் கனமான குண்டும் நீளமான குழலும் இருக்கும், மெதுவான மருந்துக்கு எரிந்து முடிக்க நேரம் கிடைக்கும். உங்கள் சின்னத் துப்பாக்கியில் குண்டு லேசானது, குழல் விரல் நீளம்தான். மெதுவான மருந்தைப் போட்டால் அது சூடு பிடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும், பாதி மருந்து எரியாமல் குழலில் மணல் மாதிரி கிடக்கும். சில சமயம் குண்டு வெளியே போகாமலே நின்றுவிடும். அதுதான் பயங்கரம், அதற்கு வருகிறேன். புல்ஸ்ஐ என்ற மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாஃப்லின் அண்டு ராண்ட் கம்பெனி செய்ய ஆரம்பித்தது, கைமாறிக் கைமாறி இன்றைக்கு அலையன்ட் பெயரில் வருகிறது, நூறு வருஷத்துக்கு மேல் சின்னத் தோட்டாக்களுக்கென்றே நிலைத்து நிற்கிறது. ஹாட்ஜ்டன் ஹெச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்துதான், லேபிள்தான் வேறு. ஃபின்லாந்தின் விட்டவூரி என்310ம் இந்த வேக வரிசையில் வருவதுதான். இவற்றில் எதை வாங்குவது என்றால், உங்கள் தோட்டாவுக்கும் உங்கள் குண்டின் எடைக்கும் நேராகத் தோட்டா நிரப்பும் கையேட்டில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அது. லைமன், ஹார்னடி கையேடுகளைப் பாருங்கள், மருந்துக் கம்பெனியே வெளியிடும் அட்டவணையையும் பாருங்கள், இரண்டையும் ஒப்பிட்டு, குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். சரியான மருந்தளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகையில் ஒரு புள்ளி இடம் மாறி அச்சானால் ஒருவர் விரல் போய்விடும்.

இப்போது நண்பர் சொன்ன விஷயம். தப்பு, ரொம்பத் தப்பு. இந்தக் கூட்டுக்குள் போகும் மருந்து ஒன்றிலிருந்து இரண்டு கிரெயினுக்குள்தான் இருக்கும். ஒன்றரை கிரெயின் என்பது கிட்டத்தட்ட 0.1 கிராம், நம் ஊர்ப் பத்தர் தராசில் வைக்கும் குன்றிமணியைவிடக் குறைவு. ரைஃபிள் தோட்டாவில் ஐம்பது கிரெயின் போடும்போது 0.1 கிரெயின் கூடினால் அது 0.2 சதவீதம், யாருக்கும் தெரியாது. ஒன்றரை கிரெயினில் அதே 0.1 கூடினால் ஏறக்குறைய 7 சதவீதம். குறைந்தாலும் அப்படியே. 'கொஞ்சமாக' என்ற சொல்லுக்கு இந்தக் கூட்டுக்குள் இடமே இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, .32ல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். நாலாவது குண்டுக்கு 'டப்' என்று வராமல், பாட்டில் மூடி கழன்ற மாதிரி 'பொக்' என்றது. கை தன் பாட்டுக்கு அடுத்த விசைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வயதானவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். தோட்டாக்களை இறக்கிவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்தோம், பாதியிலேயே தட்டியது, ஈயக் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கிறது. அந்தக் கூட்டில் நான் மருந்தே போடவில்லை, கூட்டின் அடியில் பொறி கிளப்பும் பிரைமர் மட்டும் தள்ளிய தூரம் அது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லை வெடித்திருக்கும். அன்றையிலிருந்து ஐம்பது கூடுகளையும் மரப் பலகைக் குழிகளில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும், குண்டு வைப்பதற்கு முன்னால், டார்ச் அடித்து ஒவ்வொரு வாயையும் எட்டிப் பார்க்கிறேன். ஒன்று காலியாக இருந்தாலும் தெரியும், ஒன்றில் மட்டம் மேலே இருந்தாலும் தெரியும். வேகமான மருந்தில் இரண்டு மடங்கு விழுந்தாலும் கூடு வழியாது, ஆகவே கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் அந்தப் பழைய கூடுகள். ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். அடிப்பாகம் கெட்டியாக இல்லாமல், பிரைமர் கிண்ணத்தைச் சுற்றி மருந்து இறங்கும்படி குழிந்திருந்தால் அது பழைய பலூன் வகை, பலம் குறைந்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: அருவங்காட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் கார்டைட் ஃபேக்டரியில் செய்த மருந்தும் இந்தப் புகையில்லா மருந்தும் ஒன்றா?
– வாசகி, குன்னூர்

பதில்: ஒரே குடும்பம்மா. 1904ல் உங்கள் ஊரில் ஆலை வந்தபோது செய்தது கார்டைட், அதாவது வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் கொஞ்சம் வாசலைனோடு பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி அச்சில் தள்ளி எடுத்த இழைகள். 1889ல் பிரிட்டனில் கண்டுபிடித்தது. புல்ஸ்ஐ மருந்திலும் வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும்தான், ஆனால் இழையாக இல்லாமல் மெல்லிய தகடாக இருக்கும், மெல்லியதாக இருப்பதால்தான் சட்டென்று எரிந்து முடிகிறது.

உங்கள் கேள்வியால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .455 வெப்ளி ரிவால்வர் தோட்டா கரிமருந்துக்காகச் செய்தது, கூடு நீளம். கார்டைட் வந்ததும் மருந்தின் அளவு சுருங்கி, கூட்டுக்குள் பெரிய வெற்றிடம் விழுந்தது. எரிவது சீராக இல்லை. 1897ல் என்ன செய்தார்கள் தெரியுமா, கூட்டையே குட்டையாக்கிவிட்டார்கள். மருந்தை மாற்றினால் கூட்டுக்குள் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. கரிமருந்து போட்ட அளவுக் கரண்டியிலேயே புகையில்லா மருந்தையும் மொண்டு போட்டுத் துப்பாக்கியை உடைத்துக்கொள்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் 1908 கோல்ட் வெஸ்ட் பாக்கெட், .25. கையேட்டில் உள்ள மருந்துதான் போடுகிறேன், ஆனால் மருந்தை அளந்து தள்ளும் அளவுக் கருவி ஒரு தடவை கூட, ஒரு தடவை குறையத் தள்ளுகிறது. மருந்தை மாற்றட்டுமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: மாற்றலாம். பெரும்பாலான அளவுக் கருவிகளின் உருளை ரைஃபிளை மனதில் வைத்துச் செய்தது, அதன் குழியை .25க்காகச் சின்னதாக்கும்போது வாய் குறுகி, தகடு தகடாக இருக்கும் மருந்து குறுக்கே சிக்கிக்கொள்ளும். ஒரு தடவை பாதி விழும், அடுத்த தடவை சிக்கியதும் சேர்ந்து விழும். கடுகு மாதிரி உருண்டை மருந்து தண்ணீராக இறங்கும். உங்கள் குண்டுக்குக் கையேட்டில் உருண்டை ரகம் ஏதாவது இருந்தால் அதற்குப் போங்கள், இல்லையென்றால் கைத்துப்பாக்கிக்கென்று விற்கும் சின்ன உருளையை வாங்கிப் போடுங்கள். நெம்புகோலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஏற்றி இறக்க வேண்டும். பத்துத் தடவை தள்ளியதைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி சரியாகத் தெரியும், ஆனால் சராசரி சரியாக இருப்பதால் ஒவ்வொன்றும் சரி என்று ஆகாது. நான் .25க்கு ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் போடுகிறேன். நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின், ஒரு டப்பா வாங்கினால் நாலாயிரம் தோட்டாவுக்கு மேல் வரும், அவசரப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. உங்கள் துப்பாக்கியில் பூட்டு எதுவும் கிடையாது, மேல்பகுதியின் எடையும் ஸ்பிரிங்கும்தான் கூட்டைப் பிடித்து வைக்கின்றன. மருந்து குறைந்தால் அடுத்த தோட்டா ஏறாது, கூடினால் அந்த நூறு வயது இரும்பை அது ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் அடிக்கும். ஏறும்போது குண்டின் மூக்கு இடித்து உள்ளே நழுவாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், கட்டை விரலால் மேஜையில் அழுத்திப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு சின்னக் கூட்டில் குண்டு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் அழுத்தம் எகிறும்.

கேள்வி: எனக்கு லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் இருக்கிறது. காலிக் கூடுகளை நானே நிரப்பிக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது சார். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, தோட்டா தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தயாரிப்புக்குத் தனி உரிமம் கேட்கிறது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் தேவை. அதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். பட்டாசு மருந்து போட்டுப் பார்க்கும் யோசனை யாராவது கொடுத்தால் அந்த ஆள் பக்கமே போகாதீர்கள்.

கடையில் வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். கான்பூர் அரசு ஆலையின் ரிவால்வர் கேட்பது .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங். இஷாப்பூர் அரசு ஆலையின் அஷானி பிஸ்டல் கேட்பது .32 ஏசிபி, அதாவது ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல் தோட்டா. இரண்டையும் எல்லோரும் '.32' என்றே சொல்கிறார்கள், ஏசிபி தோட்டாவின் விளிம்பு சிறியதாக இருந்தாலும் சில ரிவால்வர்களில் போய் உட்கார்ந்துவிடும். லாங் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் உச்ச அழுத்தம் 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஏசிபிக்கு 20,500. கவுண்டரில் '.32 கொடுங்கள்' என்று மட்டும் சொல்லாமல், குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரைச் சொல்லி வாங்கி, பெட்டியின் மேல் அதே பெயர் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.