பழைய போர்ஷேவை நம்பி வாங்கலாமா? கேள்விகளும் பதில்களும்

1997 முதல் 2012 வரை வந்த பாக்ஸ்டர், கேமன், 911 வண்டிகள் பல நாடுகளில் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. அதனால் கேள்விகளும் குவிகின்றன. மாடலுக்கு நற்சான்றிதழ் என்னால் தர முடியாது. உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு வண்டியை எப்படிச் சோதிப்பது என்று சொல்லலாம்.

லண்டன்: சார், 2003 பாக்ஸ்டர் எஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். 92,000 மைல், விலை சல்லிசு. ஐ.எம்.எஸ். பேரிங் போனால் இன்ஜினே போச்சு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மைதான். ஆனால் பயம் கொஞ்சம் ஊதிப் பெருகிவிட்டது.

அந்த வண்டியில் இருப்பது எம்96 இன்ஜின். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சுற்றுவதைக் கேம் செயின்களுக்கு (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் சங்கிலிகள்) கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு ஓடுகிறது. அதுதான் இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ். கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் ஒன்று அதைத் தாங்குகிறது. வருடம் போகப் போக சீல் தளர்ந்து கிரீஸ் கரைந்துவிடும், அந்த இடத்துக்கு இன்ஜின் ஆயிலும் சரியாகப் போய்ச் சேராது. குண்டுகள் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் வேறு இன்ஜின்தான்.

எல்லா வருடத்துக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ஏறத்தாழ 2000 வரை வந்தவற்றில் இரட்டை வரிசைக் குண்டுகள். அதன்பின் 2005 வரை ஒற்றை வரிசை. உங்கள் 2003 இந்த ரகம். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள். அது லேசில் போவதில்லை, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதைக் கழற்றவும் முடியாது. அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கில் அடிபட்ட கணக்கின்படி ஒற்றை வரிசையில் பழுதானவை சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழே.

92,000 மைலைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தினமும் ஓடி, காலாகாலத்தில் ஆயில் மாற்றிய வண்டியைவிட, வருடத்துக்கு ஐந்நூறு மைல் ஓடிக் கொட்டகையில் தூங்கிய வண்டிக்குத்தான் நான் பயப்படுவேன். முதலில் பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லில் என்ன பேரிங், எந்தத் தேதி, எத்தனை மைலில் என்று எழுதியிருக்க வேண்டும். "மாத்தியாச்சுன்னு முன்னாடி ஓனர் சொன்னார்" என்பதெல்லாம் கணக்கில் சேராது. இந்த வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் கிளட்சோடு சேர்த்துத்தான் செய்வார்கள். கிளட்ச் பில்லிலும் தேடிப் பாருங்கள்.

பில் இல்லையென்றால் ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ஜினுக்கு அடியில், பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும். காகிதத்தை வெட்டியெடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மினுமினுக்கும் துகளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம், வண்டியை விட்டுவிடுங்கள். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு வந்தால் அது செயின் உரசும் பட்டையின் தேய்மானம். பழைய இன்ஜினில் ஒன்றிரண்டு இருப்பது சகஜம்.

எம்.ஓ.டி. (பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடத்து மைலேஜும், பெயிலான காரணமும் அதில் வரிசையாக இருக்கும். வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

பர்மிங்ஹாம்: வெளி மெக்கானிக்கை வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை. விலை மட்டும் குறைக்கிறேன் என்கிறார்.

வாங்காமல் அங்கிருந்து கிளம்பி வந்துவிடுங்கள்.

டொராண்டோ: அண்ணை, 2007 911 கரேரா எஸ் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். சிலிண்டர் கீறல் பிரச்சினை இருக்கெண்டு சொல்லுகினம். இடப்பக்கச் சைலன்சர் குழாயைத் தடவிப் பாத்தால் தெரியுமோ?

ஓரளவுக்குத் தெரியும், தம்பி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

உங்கள் 3.8 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் சுவர் லோகாசில் என்கிற சிலிக்கான் கலந்த அலுமினியம். பிஸ்டனின் மேல்பூச்சு தேய்ந்ததும் அது சுவரை உரசிக் கோடு போடத் தொடங்கும். குளிர்நாட்டு வண்டிகளில் இது கூடுதல். காலையில் இன்ஜின் ஐஸாக இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்கள் கையில் இன்னும் சீக்கிரம் வரும். பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது 4, 5, 6 சிலிண்டர்கள். 911-இல் அவை வலப்பக்கம். புகைக்குழாய்கள் குறுக்கே மாறிப் போவதால் கரி இடப்பக்கக் குழாயில் படிகிறது. இரண்டு குழாயிலும் விரலை விட்டுப் பாருங்கள். வலது சாம்பல் நிறம், இடது எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டுமே பளபளவென்று துடைத்திருந்தால் எனக்கு அதுவும் சந்தேகம்தான். (கேமன் வாங்குகிறவர்கள் இந்த வித்தையை நம்ப வேண்டாம், அதற்குப் புகை நடுவில் ஒரே இடத்தில் வருகிறது.)

காதால் கேட்பது இன்னொரு வழி. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஒரு பக்கம் டிக்டிக்கென்று தட்டினால் நல்லதல்ல. ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்றும் கேளுங்கள். கரி, தட்டல் இரண்டும் இல்லாமலேயே கீறல் தொடங்கியிருக்கலாம் என்பதுதான் இதில் வம்பு. கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்த்தால் மேல்பகுதிதான் தெரியும். கீறல் தொடங்குவது பெரும்பாலும் கீழே. அதனால் ஆயில் தொட்டியை இறக்கி அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்குச் செலவாகும், மெக்கானிக் முணுமுணுப்பார். இன்ஜின் பிரித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

போகும்போது இன்ஜின் குளிர்ந்து இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் குழாய் நுனியைத் தொடுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் அவர் ஓட்டிவிட்டார், காரணம் கேளுங்கள்.

நியூ ஜெர்சி: 2008 911, மேனுவல். ஓவர்ரெவ் ரிப்போர்ட் கேட்டேன். "ரெவ் லிமிட்டர் இருக்கே, அதெல்லாம் தேவையில்லை" என்கிறார் டீலர்.

ஓவர்ரெவ் என்றால் இன்ஜின் அதன் வரம்புக்கு மேல் வேகமாகச் சுற்றுவது. லிமிட்டர் உங்கள் காலைத்தான் தடுக்கும், கையைத் தடுக்காது. ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போட நினைத்து இரண்டாவதில் தள்ளினால், சக்கரங்களே இன்ஜினை விரட்டிச் சுற்றவைக்கும். அதை எந்த லிமிட்டரும் நிறுத்த முடியாது. உங்கள் 911-இன் தலைமுறைக்கு 997 என்று பெயர். அதன் கம்ப்யூட்டர் இதை 1 முதல் 6 வரை படி பிரித்துக் குறித்து வைக்கிறது. (அதற்கு முந்தைய தலைமுறையான 996-இல் இரண்டு படிதான்.) முதல் இரண்டு படிகள் உற்சாகமாக ஓட்டினாலே ஏறும், விடுங்கள். 4, 5, 6-இல் எண்கள் இருந்தால் அது கியர் தவறிய கதை. கடைசியாக நடந்தது எத்தனையாவது இன்ஜின் மணியில் (இன்ஜின் ஓடிய மணி நேரக் கணக்கில்) என்பதும் பதிவாகியிருக்கும். பல நூறு மணி நேரத்துக்கு முன் நடந்து, அதன்பின் ஒழுங்காக ஓடியிருந்தால் வண்டி தப்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் நடந்ததென்றால் வேண்டாம்.

அதே ரிப்போர்ட்டில் மொத்த இன்ஜின் மணியும் வரும். மைலை அதால் வகுத்துப் பாருங்கள். 60,000 மைல், 2,400 மணி என்றால் சராசரி 25 மைல் வேகம், நம்பலாம். 30,000 மைல், 3,000 மணி என்றால் சராசரி 10. ஒன்று, வண்டி வாழ்நாள் முழுக்க டிராஃபிக்கில் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

பி.டி.கே., டிப்ட்ரானிக் என்னும் தானியங்கி கியர் வண்டிகளுக்கு இந்தக் கவலை கிடையாது.

கிள்ளான்: அண்ணே, ஜப்பானிலிருந்து வந்த ரிகோன் (பழையதாக இறக்குமதியான) பாக்ஸ்டர். 38,000 கிலோமீட்டர்தான். காடி (கார்) புதுசு மாதிரி மின்னுது.

மின்னுவதற்குப் பாலிஷ் போதும். ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். ஏல எண்ணை வைத்து அந்தத் தாள் அசல்தானா என்று நீங்களே சரிபாருங்கள், விற்பவர் காட்டும் நகலோடு நிற்காதீர்கள். 4, 4.5 நல்ல மதிப்பெண். எண்ணுக்குப் பதில் ஆர் என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது. தாளில் வண்டிப் படத்தின்மேல் ஏ என்றால் கீறல், யூ என்றால் ஒடுக்கு, டபிள்யூ என்றால் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்த இடம். தாளில் இருக்கும் கிலோமீட்டரையும் டேஷ்போர்டில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். டயர் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடத்து 23-ஆவது வாரம்.

சென்னை: வணக்கம் சார். 2013 பாக்ஸ்டர் ஒன்று வந்திருக்கிறது, பாண்டிச்சேரி பதிவு. இங்கே என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. தரையை ஒட்டி நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் முழங்கால் தண்ணீரிலேயே குளித்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருக்கும், உள்ளே சுருண்டிருந்த கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈரம், ஏசி போட்டதும் புழுங்கல் வாடை, எல்லாம் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளமே பார்க்காத வண்டியிலும் மேல்துணிக் கூரையின் வடிகால் துளைகள் இலையால் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேதான் இறங்கும். முன் பம்பரில் ரேடியேட்டர் வாயில் குப்பை சேர்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். வேகத்தடையில் உரசிய தழும்பு அடியில் இருக்கும். லிஃப்டில் ஏற்றாமல் முடிவு செய்யாதீர்கள்.

பாண்டிச்சேரி எண் என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவை விசாரித்து விலையில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கோவை: நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

2009 முதல் வந்த 987 (பாக்ஸ்டர், கேமன்) அல்லது 997 (911). புது இன்ஜினில் அந்த ஐ.எம்.எஸ். தண்டே கிடையாது, கீறல் தொல்லையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. 996, 997 ஆரம்ப வருட டர்போ, ஜிடி3 வாங்கப் பணம் இருந்தால் அவற்றின் மெட்ஸ்கர் இன்ஜின் (அதை வடிவமைத்த போர்ஷே பொறியாளரின் பெயர்) கெட்டி. ஆனால் கூலன்ட் குழாய்களைப் பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கிறார்கள், அவை கழன்றுகொண்டால் ஓடும்போதே மொத்தத் தண்ணீரும் பின்சக்கரத்துக்கு அடியில் கொட்டும். வெல்டிங் செய்த பில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.