பதில்: தையல் வெட்டியும் முழங்காலில் தழும்பு தடிக்கிறது

முரசுமோட்டையில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட காயம், தையல் வெட்டி மூன்று கிழமையாகியும் தடித்துக் கடிக்கிறது, வயல் மண்ணில் கிருமி இருந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சீழ், சூடு, காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் எனக்கென்னவோ கிருமியை விட இழுவையில்தான் சந்தேகம். முழங்காலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் தழும்பு இழுபடுகிறது. தோலின் உள்ளடுக்கில் நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் கலங்கள் இன்டெக்ரின் என்ற புரதங்களால் சுற்றியிருக்கும் கொலாஜன் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, நார் இழுபட்டால் கலத்துக்குள் செய்தி போகிறது, அது இன்னும் கொலாஜனைக் கொட்டுகிறது, தானும் தசை மாதிரிச் சுருங்கத் தொடங்குகிறது. காயம் மூட இது வேண்டும்தான். அளவு மீறினால் தடிப்பு.

மேல்தோல் கலங்களில் இழுவையையும் அழுத்தத்தையும் உணரும் பியேசோ1 என்ற உணரியும் இருக்கிறது (பியேசோ உணரிகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது). எலிகளின் மேல்தோலில் அதை நீக்கியபோது காயம் விரைவாக மூடியது. அதை வைத்து மருந்து ஏதும் கடைக்கு வரவில்லை, தேடி அலையாதீர்கள்.

சரி, செய்யக்கூடியது: மூன்று கிழமைத் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதனால் குந்தியிருந்து செய்யும் வயல் வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் விடுங்கள். அதற்காகக் காலை நீட்டியபடியே வைத்திருக்கவும் வேண்டாம், மூட்டு இறுகிவிடும். தழும்பின் மேல் நீளவாக்கில் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டுங்கள், சிலிக்கோன் ஒட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. காயத்தின் எல்லையைத் தாண்டித் தடிப்பு வளர்ந்தால் தாமதிக்காமல் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.