பங்குனி வெயில் வந்தாச்சு, தொட்டி மண்ணைப் பாருங்கள்

மொட்டை மாடியில் இருபது க்ரோ பேக் வைத்திருக்கிறேன் அக்கா. காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் மதியம் எல்லாச் செடியும் தொங்கிவிடுகிறது. மதியமும் ஒரு தடவை விடலாமா?
(மதுரை வாசகி)

வேண்டாம்மா. முதலில் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் பயமே இல்லை, வெயில் உச்சியில் இலை வழியாகப் போகிற ஈரத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாமல் செடி கொஞ்சம் தொய்கிறது, அவ்வளவுதான். காலையில் எழுந்து பார்க்கும்போதும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே குழாயைத் திறக்காமல் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். சேறாக இருந்தால் வேர் அழுகுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள்.

காலையில் விட்ட தண்ணீருக்கு அப்புறமும் உள்ளே பொடிப்பொடியாக இருந்தால், அதுதான் மாடித்தோட்டத்தில் இந்த மாதம் நான் அதிகம் பார்க்கிற கோளாறு. பையில் நிரப்புகிற கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று பிடிக்காது, நாம் ஊற்றுவதெல்லாம் பைக்கும் கலவைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக இறங்கித் தரைக்குப் போய்விடும், கீழே தண்ணீர் வழிகிறதே என்று நாமும் நம்பிவிடுவோம். பையை அகலமான டப்பில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து ஊறி வரும். அப்புறம் மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகோ தேங்காய் நாரோ போட்டு மூடுங்கள், தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடம் விட்டு.

தரைச் சூட்டையும் மறக்காதீர்கள். ஒரு வருஷம் மேற்குச் சுவர் ஓரமாக வெறும் தளத்தில் வைத்திருந்த என் மிளகாய்ச் செடிகள் அக்னி நட்சத்திரத்துக்குள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன, பையைத் தொட்டால் கை சுட்டது. அதிலிருந்து செங்கல் மேல்தான் வைக்கிறேன், தனித்தனியாக விடாமல் நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றின் பை மேல் விழும்படி. புதினா, கொத்தமல்லி, புது நாற்று இதற்கெல்லாம் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வெண்டை, கொத்தவரைக்கு வலை வேண்டாம், அவை வெயிலுக்கென்றே பிறந்தவை.

தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. என்ன உரம் போடலாம்?
(சென்னை வாசகர்)

உரம் போடாதீர்கள் தம்பி. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25-க்குக் கீழே இறங்காமல் புழுக்கமாக இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பூ உதிரும். சென்னையில் ஏப்ரல் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சமயத்தில் உரம் கொட்டினால் வேர்தான் கருகும். நிழலில் வைத்துக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். காலியான தொட்டியில் வெண்டை, தண்டுக்கீரை, வெள்ளரி விதையுங்கள். வெண்டை 45 நாளில் காய்க்க ஆரம்பித்துவிடும்.

மல்லிகைச் செடி புதராக மண்டியிருக்கிறது, இப்போது வெட்டிவிடலாமா?
(திண்டுக்கல் வாசகி)

ஐயோ, இப்போது கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்! பூக்கிற காலமே இதுதானே. மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. இப்போதைக்குக் காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்துப் போடுங்கள், மண் காயவிடாமல் பாருங்கள்.

செம்பருத்திக் கிளையெல்லாம் வெள்ளைவெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது. கடையில் ஏதோ மருந்து கொடுத்தார்கள், அடிக்கலாமா?
(கோவை வாசகர்)

அது மாவுப்பூச்சி. கோவைக்காரர் கேட்பதால் சொல்கிறேன், 2008-ல் உங்கள் ஊர்ப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று அது பாழாக்கியபோது விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட பொடிக் குளவிகள்தான் அதை அடக்கின. பெயர் தெரியாத மருந்தை அடித்தால் அந்த மாதிரிக் குளவியும் மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டும்தான் முதலில் சாகும், பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கும்.

மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைக் குழாயை வேகமாகப் பீய்ச்சி இலைக்கு அடியிலும் கழுவுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள், வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம். பகலில் தெளித்தால் இலை வெந்துவிடும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், இனிப்புக் கசிவுக்காக அதுதான் மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கிறது.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர், இரண்டையும் செடிக்கு விடலாமா?
(திருச்சி வாசகி)

ஏசி தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், அதில் உப்பே கிடையாது, சத்தும் கிடையாது, அதனால் தொழுவுரம் வழக்கம்போல் போட வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீர் தொட்டிக்கு வேண்டாம். வீட்டுக்கு வருகிற உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, நாலு வாரத்தில் மண் மேலே வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். ஏற்கெனவே விட்டிருந்தால் நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக நன்றாக வெளியேறும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். மிஷின் தண்ணீரை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.