தொழிலைப் பெரிதாக்கும் முன்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி (ஓசூர்): வாகன உதிரிபாகம் செய்கிறோம். விற்பனையில் 70 சதவீதம் ஒரே கம்பெனிக்கு. அவர்களுக்காகப் புதிதாக ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைவது) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: எந்தப் பாகத்துக்கு என்று முதலில் பாருங்கள். பிரேக், சஸ்பென்ஷன் என்றால் மின்சார வண்டிக்கும் வேண்டும். கிளட்ச் பாகம் என்றால் மின்சார ஸ்கூட்டருக்குத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே அது தயாராகிறதே, மெஷின் கடனுக்குக் கடைசித் தவணை கட்டும்வரை அந்த ஆர்டர் ஓடுமா? வாங்குவதானால் வேறு வேலைக்கும் உதவும் மெஷினாக வாங்குங்கள். அந்தப் பாகத்துக்கு மட்டுமே பயன்படும் ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு), டூலிங் (வெட்டும் கருவிகள்) செலவை அவர்களையே ஏற்கச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்பூர்): உள்நாட்டு பிராண்டுகளுக்கு டி-ஷர்ட் தைத்துத் தருகிறோம். விற்பனை ஏறுகிறது, கையில் பணம் நிற்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: விற்பனை ஏறுவதால்தான் நிற்கவில்லை. ஒரு கணக்குப் போடுவோம். நூல் வந்து டையிங், தையல், செக்கிங் முடிந்து சரக்கு வெளியேற 45 நாள். வாங்கியவர் பணம் தர 75 நாள். நூல்காரர் உங்களுக்குத் தரும் கடன் 15 நாள். ஆக 105 நாள் உங்கள் பணம் வெளியே. தினம் ஒரு லட்சம் செலவென்றால் ஏறக்குறைய ஒரு கோடி. கூலி பிற்பாடு போவதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆர்டர் இரட்டிப்பானால் இன்னொரு கோடி வேண்டும்.

அதனால் புது ஆர்டருக்கு முன் நாட்களைக் குறையுங்கள். லேபிள் வரவில்லை என்று தைத்த சரக்கு எத்தனை நாள் கிடக்கிறது? பத்து நாள் குறைந்தாலே பத்து லட்சம் கைக்கு வரும்.

அப்புறம், உதயம் பதிவில் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) நீங்கள் குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் சட்டம் உங்கள் பக்கம். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் பணம் தர 45 நாள்தான். இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை அவர்கள் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்து இந்த விதி இருக்கிறது. பில்லிலேயே உதயம் எண்ணை அச்சிடுங்கள். உரிமையுள்ள பணத்தைக் கேட்கவே தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கேள்வி (மதுரை): எங்கள் மசாலாப் பொடி தென் மாவட்டங்களில் நன்றாகப் போகிறது. அடுத்து சென்னையா?

பதில்: இப்போது வேண்டாம். அங்கே பெரிய கடைகளில் பொருளை அலமாரியில் வைக்கவே பணம் கேட்பார்கள், நீண்ட கடன் கேட்பார்கள், தேதி முடிந்த பாக்கெட்டும் உங்களிடமே திரும்பும். அருண் ஐஸ்கிரீமை உருவாக்கிய ஆர்.ஜி.சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாய் முதலோடு ஐஸ் தொழில் தொடங்கியது சென்னையில்தான். ஆனாலும் பெரிய பிராண்டுகள் சென்னையைப் பிடித்து வைத்திருந்தபோது அருண் ஐஸ்கிரீமைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுபோனார். உங்களுக்குக் கையிலேயே தென் மாவட்டங்கள் இருக்கின்றன. விருதுநகரில் எத்தனை மளிகைக்கடையில் உங்கள் பொடி இல்லை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): எல்லா முடிவும் அப்பாதான். புதிதாக யோசிக்கவே வழியில்லை.

பதில்: மொத்தமாகக் கேட்காதீர்கள். ஒரு பொருள், ஒரு ஊர், ஒரு வருடம் என்று எழுதிக் கொடுங்கள். நஷ்டம் எவ்வளவு தாண்டினால் நிறுத்துவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அப்பா முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.