கிளிநொச்சியில் இருந்துகொண்டு பால், தயிர், நெய் எல்லாம் விட்டு வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வருகிற எதையும் சாப்பிடாதவராக, மாறலாமா? பாலுக்குப் பதில் என்ன?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் என்கிறார். ஓட்ஸ் பாலும் பாதாம் பாலும் பெட்டியில் வாங்கிக் கட்டுபடியாகாது, கையில் கிடைக்கிற சாமானில் பாலுக்குப் பதில் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறார். காலையும் பின்னேரமும் பால் தேத்தண்ணி, மத்தியானச் சோற்றுக்குத் தயிர், வீட்டில் கிறைண்டரும் பிரிட்ஜும் உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேணும். பாலுக்கு ஒரு வீட்டில் நாலு வேலை. தேத்தண்ணியைத் தடிப்பாக்குவது ஒன்று. சோற்றுக்குப் புளிப்பும் குளிர்ச்சியும் தருவது இரண்டாவது. புக்கை, பாயாசத்துக்குக் கொழுப்பும் மணமும் தருவது மூன்றாவது. உடம்புக்குக் கல்சியம், புரதம், விற்றமின் பி12 குடுப்பது நாலாவது. இந்த நாலையும் செய்கிற ஒரே சாமான் வன்னியில் மட்டுமில்லை, எங்கேயும் இல்லை. தேங்காய்ப்பால் மூன்றாவது வேலையைப் பசுப்பாலை விடத் திறமாகச் செய்யும், நாலாவதை அறவே செய்யாது. அதில் கல்சியம் இல்லையென்றே சொல்லலாம், புரதமும் சொற்பம். தேங்காய்ப்பாலை மட்டும் நம்பி மாறுகிற ஆட்கள் கொஞ்ச மாதத்தில் களைத்துப்போய் "வீகன் சரிவராது" என்று திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேத்தண்ணி. நாங்கள் "பால் தேத்தண்ணி" என்று குடிப்பது பெரும்பாலும் பால்மா. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, ஏறக்குறைய 10 கிராம். அதில் வருகிற கல்சியம் 90 மில்லிகிராம் அளவு. நாளுக்கு இரண்டு கோப்பை விட்டால் இழப்பது 180தான். 60 கிராம் குரக்கன் மாப் புட்டு அதை ஈடுசெய்துவிடும். ஆகவே தேத்தண்ணியில் சத்தைத் தேடாமல் வாய்க்குப் பிடிக்கிறதைப் பாருங்கோ. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்று கிடைக்காமல் போன நாட்களில் எத்தனையோ வீடுகள் பிளேன்ரீயும் பனங்கட்டிக் கடியுமாகச் சமாளித்தன. உங்களுக்கு அது பிடித்தால் வேறொன்றும் தேவையில்லை.

தடிப்பு வேணுமென்றால் கச்சான் பால், அதாவது நிலக்கடலைப் பால். முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பக்கத்து மணல் நிலத்துக் கச்சான் எங்களுக்குக் கிட்டக் கிடைக்கிறபோது பாதாமுக்கு ஏன் ஏங்க வேணும்? கோது உடைத்த பச்சைக் கச்சான் 100 கிராம் எடுத்துத் தெரியுங்கோ. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கோ. நன்றாகக் காயாத கச்சானிலும், மழை ஈரம் பட்ட மூட்டையிலும் வருகிற பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. கழுவினால் சரி என்று நினைக்கவே கூடாது.

தெரிந்த கச்சானை ஒரு சிட்டிகை உப்புப் போட்டு 6 முதல் 8 மணித்தியாலம் ஊறவையுங்கோ. சித்திரை வெயிலில் இடையில் ஒருமுறை தண்ணி மாற்ற வேணும், இல்லாவிட்டால் ஊறுகிறபோதே புளிக்கும். பிறகு சுடுதண்ணியில் இரண்டு நிமிடம் போட்டுக் கசக்கித் தோலை எடுத்துவிடுங்கோ. துவர்ப்பும் மண்ணிறமும் தோலில்தான். 250 மில்லிலீற்றர் சுடுதண்ணி விட்டுப் பட்டுப்போல அரைத்து, இன்னும் 250 விட்டுக் கலக்கி, மெல்லிய பருத்தித் துணியில் பிழியுங்கோ. வந்த பாலைக் குறைந்த நெருப்பில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கோ. அகப்பையை எடுக்கக் கூடாது, இது பசுப்பாலை விடக் கெதியில் அடிப்பிடிக்கும். பச்சை வாடை போவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். பிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். வெளியே வைத்தால் காலையில் காய்ச்சியது மத்தியானம் தாண்டாது. பிழிந்த சக்கையை எறியவேண்டாம், வடைக்கும் ரொட்டி மாவுக்கும் நன்றாகச் சேரும்.

தேத்தண்ணியில் விட்டவுடன் திரிந்துபோகுது என்பது எல்லாரும் சொல்கிற முறைப்பாடு. கடும் தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்பு கச்சான் பாலின் புரதத்தைப் பிடித்துக் கட்டியாக்கும். பால் ஆறிப்போய் இருந்தால் இன்னும் மோசம். சாயத்தைச் சற்று இளக்கமாக எடுங்கோ. பாலைத் தனியாகச் சூடாக்கிக் கோப்பையில் முதலில் விட்டு, அதற்கு மேல் சாயத்தை மெல்ல ஊற்றுங்கோ. இரண்டையும் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டாம். இஞ்சி தட்டிப் போடுகிறதென்றால் சாயத்தோடு போடுங்கோ.

சோயா அவரையிலும் பால் எடுக்கலாம், புரதத்தில் பசுப்பாலுக்குச் சமமாக வருவது அதுதான். 100 கிராமுக்கு 800 மில்லிலீற்றர் தண்ணி. இரவு முழுக்க ஊறவைத்து, கொதிக்கக் கொதிக்க இருக்கிற தண்ணியில் அரைத்தால் அவரை வாடை குறையும். அடுப்பில் வைத்தவுடன் நுரைத்துப் பொங்கும். அதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடாமல், நுரையை அடக்கி அதன் பிறகு 15 முதல் 20 நிமிடம் காய்ச்ச வேணும். பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கிற ஒரு பொருள் இருக்கு, அரைகுறையாகக் காய்ச்சினால் வயிறு ஊதும், பிரட்டும்.

இனித் தயிர். கனபேர் திரும்பப் பாலுக்குப் போவது தயிருக்காகத்தான். சட்டியில் வருகிற எருமைத் தயிரைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அப்படியே ஒன்றைச் செய்து தரமுடியும் என்று சொன்னால் அது பொய். ஆனால் சோற்றில் பிசைய, பச்சடி போட, மோர் அடிக்க, மோர்மிளகாய் ஊறவைக்க முழுதாகப் போதுமான ஒன்று கச்சானில் வரும்.

இதற்குப் பால் தடிப்பாக வேணும், 150 கிராம் கச்சானுக்கு மொத்தம் 500 மில்லிலீற்றர் தண்ணி. ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைப் பச்சைத் தண்ணியில் கரைத்து, பால் கொதிக்கிறபோது விட்டுக் கிளறுங்கோ. பசுப்பாலைக் கட்டியாக்குவது கேசீன் என்ற புரதம். கச்சானில் அது இல்லை, ஆகவே மாவு இல்லாமல் உறையவைத்தால் மேலே கட்டியும் கீழே தண்ணியுமாகப் பிரியும். ஒரு தேக்கரண்டி சீனியும் போடவேணும். பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைத் தின்றுதான் தயிர்க் கிருமி புளிப்பைத் தரும், இங்கே லக்டோஸ் இல்லாததால் அதற்கு நாங்கள் தீன் போடுகிறோம். சீனி கிருமிக்குத்தான் போகும், தயிர் இனிக்காது.

சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டியில் ஊற்றுங்கோ. உறைக்குப் பச்சைமிளகாய்க் காம்பு பத்து, தொப்பியோடு கிள்ளினது. மெதுவாக அலசி, ஈரம் போகக் காயவிட்டு, பாலுக்குள் அமத்திவிடுங்கோ. புளிப்பேற்றுகிற கிருமி அந்தக் காம்பில் இயற்கையாகவே இருக்கு. சுடுதண்ணியில் கழுவினால் செத்துவிடும். வெயில் காலத்தில் 6 முதல் 8 மணித்தியாலம் போதும், கார்த்திகை மார்கழி மழைக்கு 12 கூட எடுக்கும். அப்போது துணியால் சுற்றி அடுப்புக்கரையில் வையுங்கோ. இடையில் ஆட்டிப் பார்க்க வேண்டாம்.

முதல் சட்டி இளக்கமாக, மிளகாய் வாசத்தோடு வரும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். அது தயிர் இல்லை, உறை. அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த அரை லீற்றருக்கு விடுங்கோ. இரண்டாவது தேறும், மூன்றாவது சட்டியில்தான் உண்மையான தயிர்ப் புளிப்பு வரும். உறை பழக ஒரு கிழமை என்று கணக்கு வையுங்கோ. நூலாக இழுபட்டால் உறையில் வேறு கிருமி கலந்திருக்கலாம். ரோசாவோ செம்மஞ்சளோ கறுப்போ மேலே படிந்தால், அழுகல் மணம் வந்தால், வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுதாகக் கொட்டுங்கோ. மண்சட்டி தண்ணியை உறிஞ்சுவதால் பிளாஸ்ரிக்கை விடக் கட்டியாக வரும். பழைய தயிர்ச்சட்டியைப் பாவித்தால் பழைய பால் உறையும் சேரும், கட்டாய வீகன் என்றால் புதுச்சட்டி.

தேங்காய்ப்பாலிலும் இதைச் செய்யலாம் என்று சொல்வார்கள். செய்யலாம், ஆனால் பிரிட்ஜில் வைத்தவுடன் எண்ணெய் மெழுகாக உறைந்து மேலே பாளமாக நிற்கும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டினதையும் நினைத்துப் பாருங்கோ. தேங்காயைச் சொதிக்கும் புக்கைக்கும் வையுங்கோ.

நெய்யைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உழுத்தங்களிக்கு நல்லெண்ணெய்தான் எங்கள் வழக்கம், நெய் இல்லை. மணம் வேணுமென்றால் தேங்காயெண்ணெயில் ஒரு பிடி முருங்கையிலையைப் பொரிய விட்டு வடியுங்கோ. புக்கைக்குத் தேங்காயின் இரண்டாம் பாலான கப்பிப்பாலில் அரிசியை அவியவிட்டு, பனங்கட்டி கரைந்த பிறகு முதற்பாலை விட்டு, ஒரு கொதி எழும்ப முன்னம் இறக்க வேணும். முதற்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். கோயில் பொங்கலில் பசுப்பால் விடுவது சரியா பிழையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை, வீட்டுப் பானையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நாலாவது வேலைதான் கவனம். வளர்ந்தவருக்கு நாளுக்குக் கல்சியம் 1000 மில்லிகிராம் அளவு தேவை. குரக்கன் மா 100 கிராமில் 340 முதல் 360, அகத்தியிலை 100 கிராமில் 1000க்குக் கிட்ட, முருங்கையிலை 300க்கு மேல். எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 90 இருந்தாலும், தோலோடு இருந்தால் உடம்பு எடுப்பது குறைவு. பசளியில் கல்சியத்தை உடம்பு எடுக்கவிடாத ஒட்சலேற்று கூடுதல், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் முருங்கையிலை வறை, கிழமைக்கு மூன்று தரம் அகத்தி, பின்னேரம் எள்ளுருண்டை என்று போனால் பெரும்பகுதி வந்துவிடும். இரும்புச்சத்துக்காகச் சாப்பாட்டோடு தேசிக்காய் பிழியுங்கோ, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் தள்ளித் தேத்தண்ணி குடியுங்கோ.

பி12 எந்த இலையிலும், ஒடியலிலும், பழஞ்சோற்றிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. இதை இயற்கையாய்ச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். ஒரே தடவையில் உடம்பு கொஞ்சம்தான் எடுக்கும், ஆகவே நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை அல்லது கிழமைக்கு ஒருமுறை 2000 என்பது பொதுவான அளவு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய வருடங்கள் போகும். கைகால் விறைப்பும் நாக்கு எரிவும் வருகிறபோது நரம்பு ஏற்கெனவே பாதித்திருக்கும். கீரையை நிறையச் சாப்பிடுகிறவருக்கு அதிலுள்ள ஃபோலேற்றினால் இரத்தச்சோகையும் வெளியே தெரியாமல் மறைந்திருக்கலாம், ஆகவே "இரத்தம் சரியாம்" என்று ஆறுதல்பட வேண்டாம். அயடினும் பாலில் வருகிற ஒன்று. ஆனையிறவுக் கல்லுப்பை நேரே உப்பளத்தில் அள்ளி வைத்துப் பாவிக்கிற வீடுகள் அயடின் சேர்த்த பக்கற்றுக்கு மாறுங்கோ.

கடையில் "சைவம்" என்று எழுதினது வீகன் இல்லை, நெய்யும் பாலும் எங்கள் சைவத்துக்குள் அடக்கம். தேங்காய்ப்பால் மா பக்கற்றின் பின்பக்கத்தில் "சோடியம் கேசினேற்" என்று இருந்தால் அது பாற்புரதம். சில மாஜரீனில் மோர்த்தூள் உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்குக் குடுக்கிற திரிபோசாவிலும் பால்மா உண்டு, ஆனால் அதை நிறுத்தச் சொல்லி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பால் மாட்டை நம்பி வாழ்கிற சனத்தின் வயிற்றில் அடிக்கிறாய் என்று யாரும் வரவேண்டாம். வன்னியில் மாடு எத்தனை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது என்று தெரியும். என் கோபம் வேறு. ஏ9 வீதியில் இரவில் படுத்துக் கிடக்கிற மாடுகளைப் பாருங்கோ. மேய்ச்சல் தரை கேட்டுக் கேட்டு வளர்ப்பவர்கள் களைத்துவிட்டார்கள், தரவை எல்லாம் வேலி போட்டுப் போகுது, கறந்த பிறகு மாடு தெருவில். மோட்டார்சைக்கிளில் வருகிற பொடியனும் சாகிறான், மாடும் கால் முறிந்து கிடந்து சாகுது. பால் குடிப்பவரும் குடிக்காதவரும் சேர்ந்து கேட்கவேண்டிய விசயம் இது, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் எழுதாமல் போக மனம் வரவில்லை.

கடைசியாக, சிலர் தாங்களாக மாறக்கூடாது. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் கனபேர். கச்சானும் கீரையும் பொட்டாசியத்தைக் கூட்டும், அவர்கள் கிளினிக்கில் கேட்டே தொடங்க வேணும். தைரொயிட் குளிசை போடுபவர்கள் சோயாவையும் கல்சியம் மாத்திரையையும் அதிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி எடுங்கோ. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கச்சான் பாலைப் பாலுக்குப் பதிலாகக் குடுக்கவே வேண்டாம். உங்களுக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லையென்றால் முதல் கிழமை தேத்தண்ணியை மட்டும் மாற்றுங்கோ, அதே கிழமை மிளகாய்க்காம்பு உறையையும் தொடங்கி வையுங்கோ. மூன்றாவது சட்டி தேறுகிற அன்றைக்குத் தயிர் வாங்குவதை நிறுத்தினால் போதும்.