கேள்வி பதில்: செவுரு கிட்ட வந்தா நெருப்புக்கு என்ன ஆகுது?

கேள்வி: பைக் இன்ஜின் உள்ள 2,000 டிகிரிக்கு மேல எரியுதுன்னு படிச்சேன், பிஸ்டன் அலுமினியம், அது 660 டிகிரிலயே உருகிடுமே, எப்படி தாங்குது? (மெக்கானிக்கல் மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: தம்பி, ஃப்ளேம் (நெருப்பு) செவுத்த, அதாவது பிஸ்டன், சிலிண்டர் மெட்டல தொடுறதே இல்ல. பெட்ரோலும் காத்தும் முன்னாடியே கலந்திருக்குற இடத்துல ஃப்ளேம்ங்கறது ஒரு மெல்லிசு படலம், தன் சூட்டாலயே எதிர்ல இருக்குற கலவைய பத்த வெச்சுகிட்டே நகரும், மெட்டல் கிட்ட வந்ததும் அந்த சூட்டை மெட்டல் இழுத்துக்கும், பத்த வைக்க சூடு மிஞ்சாது, அணைஞ்சிடும். அணையற தூரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, இன்ஜின் பிரஷர்ல இன்னும் கம்மி. அந்த நொடியில தான் செவுத்துக்கு போற சூடு உச்சத்துல இருக்கும், ஆனா அது ரொம்ப கொஞ்ச நேரம், அடுத்த சுத்துக்கு குளிர்ந்த கலவை உள்ள வந்துடும், வெளிப்பக்கம் ஆயிலும் காத்தும் சூட்டை எடுத்துட்டு போகுது, அதனால பிஸ்டன் பொழைக்குது. இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1815ல சுரங்க விளக்குக்கு கம்பி வலை சுத்தினதும் இதே கணக்கு தான், வலை சூட்டை இழுத்துக்கறதால நெருப்பு வெளிய தாண்டாது.

இதுல டர்புலன்ஸ் (வாயு தாறுமாறா சுழல்றது) சேர்ந்தா விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சிலிண்டர் நடுவுல சுழல்கள் ஃப்ளேமை கசக்கி மடிச்சு பரப்பை கூட்டும், அதனால வேகமா எரியும். ஆனா செவுத்த ஒட்டின இடத்துல காத்து நகராது, சுழல் அங்க வந்து அடங்கிடும், எரிஞ்ச வாயு சூட்டுல இன்னும் பிசுக்காகி மிச்சத்தையும் அடக்கிடும். ஒரு மடிப்பு செவுத்துல அணையும்போது பக்கத்து மடிப்பு தள்ளி எரிஞ்சிட்டு இருக்கும், அதனால சூடு இடத்துக்கு இடம் எகிறி எகிறி மாறும். நடுவுல சரியா வர்ற ஃபார்முலாவ செவுரு வரைக்கும் இழுத்துட்டு போய் கலர் கலரா சிமுலேஷன் படம் ஒட்டுற ப்ராஜெக்ட்டுங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு, நீ அப்படி பண்ணாத.

இன்னொண்ணு, எரியாத பெட்ரோல் புகையில வர்றதுக்கு செவுத்து ஓரம் அணையறது தான் காரணம்னு ரொம்ப நாள் நெனச்சாங்க. ஆனா அந்த ஓரத்துல எரியாம மிஞ்சினது பெரும்பாலும் திரும்ப சூடான வாயுல கலந்து எரிஞ்சிடுது, பிஸ்டன் ரிங் மேல இருக்குற இடுக்குல போய் ஒளியறது தான் பெரிய பங்கு.

கேள்வி: செவுரு நெருப்ப அணைக்கும்னா பர்னர் குழாய்க்குள்ள நெருப்பு பின்னாடி போறது எப்படி? (வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: செவுத்து ஓரம் கேஸ் மெதுவா தானே வருது, அணையற தூரத்த விட ஒரு துளி தள்ளி வேகம் கம்மியான பாதை ஒண்ணு கெடைச்சா ஃப்ளேம் அது வழியா எதிர்த்து ஏறிடும். 1940கள்லயே லூயிஸ், ஃபான் எல்பேன்னு நெருப்பு எரியறத ஆராய்ஞ்ச ரெண்டு பேரும் செவுரு கிட்ட வேகம் எவ்ளோ சட்டுனு ஏறுதுங்கறத வெச்சு இதுக்கு கணக்கு போட்டாங்க. ஹைட்ரஜன்ல இது பெரிய தலைவலி, மீத்தேன் ஃப்ளேம் நுழைய ரெண்டு பக்க செவுத்துக்கும் நடுவுல சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேணும், ஹைட்ரஜனுக்கு 0.6 போதும், எரியற வேகமும் பல மடங்கு. கேஸ் டர்பைன்ல ஹைட்ரஜன் கலக்கறவங்க இதுக்கு தான் பர்னரையே மாத்தி டிசைன் பண்றாங்க.

கேள்வி: கேஸ் அடுப்புல பாத்திரம் பர்னருக்கு ரொம்ப கிட்ட இருந்தா நல்லதா? (இல்லத்தரசி, முத்தியால்பேட்டை)

பதில்: இல்லம்மா. உள்ள கூர்மையா தெரியற நீலக் கூம்பு குளிர்ந்த பாத்திரத்துல முட்டினா பாதியிலயே அணைஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும், ஸ்டாண்டு வளைஞ்சு பாத்திரம் தாழ்ந்து உக்காந்திருந்தா மாத்திடுங்க, சமைக்கும்போது ஜன்னலையும் தொறந்து வைங்க.