வீடு மாமியார் பேரில் இருந்தால் மருமகளை வெளியே போகச் சொல்ல முடியுமா?

இஷ்டத்துக்குத் துரத்த முடியாது. கல்யாணமாகி நீங்கள் குடித்தனம் நடத்திய வீட்டை, பத்திரம் யார் பேரில் இருந்தாலும், 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 'பகிர்ந்து வாழும் வீடு' என்கிறது. மாமனார் மாமியார் வீட்டுக்கும் இது பொருந்தலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வெளியேற்றுவதானால் சட்டப்படிதான். தெருவுக்கு வந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே அடி வாங்குகிறவள் வாயைத் திறக்க மாட்டாள், அதனால்தான் இப்படி ஓர் ஏற்பாடு. நம்ம ஈரோடு, கோபி பக்கம் கிணறு பங்காளி காட்டில் இருந்தாலும் உங்கள் முறைத் தண்ணீரை அவர் அடைக்க முடியாதல்லவா, அது மாதிரி. தங்கும் உரிமைதான், சொத்தில் பங்கு அல்ல! உதவிக்கு 181 என்ற எண்ணில் கூப்பிடலாம், இல்லாவிட்டால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். அப்புறம், இந்தச் சட்டப்படி மனு போட்டாலே விவாகரத்து என்று ஊரில் பேசிக்கொள்வது தப்பு. மனு நடக்கும்போதே அதே வீட்டில் சேர்ந்தும் வாழலாம்.